கழுவும் தண்ணீரில் நின்றுபோனது

1

சரஸின் அப்பா காஹாங்கிலிருந்து கூப்பிட்டபோது நான் தம்போய் கடைத்தெருவில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன்.

"டீச்சரம்மா, வர்ற ஞாயித்துக்கெழமயோட பாப்பா போயி ஒரு வருஷம் ஆவுது. வீட்டுல படையல் போடுறோம். நீங்க வரணும்."

வருகிறேன் என்றேன். கீரைக்காரி கட்டை நீட்டிக்கொண்டே நின்றாள். வாங்க மறந்து காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு சரஸைத் தெரியாது. இந்த ஜொகூர் மாநிலத்திலும் அவளைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆராய்ச்சிக்கூடத்தில் என்னோடு பதிமூன்று வருஷம் வேலை செய்தவள். நான் அவளுக்கு ஒரு அநியாயம் செய்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டு வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கடிதம் போடுகிற தோழிகளுக்கு இதுவரை மழையையும் நெரிசலையும் பற்றி எழுதிச் சமாளித்துவிட்டேன்.

2

கோவில்பட்டியிலிருந்து இங்கு வந்து பதினெட்டு வருஷம். என் கணவருக்கு பாசிர் கூடாங்கில் வேலை கிடைத்து வந்தோம். மூன்றாம் வருஷம் அந்தக் கம்பெனி மூடிவிட்டது. நான் ஈஸ்டில் முனைவர் பட்டம் வாங்கியவள். தோசைமாவு புளிப்பதற்குக் காரணமானவற்றின் உறவுக்கார நுண்ணுயிர் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன். ஒரு தனியார் கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அதன்பின் கணவர், மகள் பவித்ரா, நான் மூவரும் இந்த நாட்டில் இருந்தது என் வேலை பாஸ் ஒன்றை நம்பித்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கக் கல்லூரி கடிதம் கொடுக்க வேண்டும். கடிதத்தில் எங்கள் துறைப் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் நாள் காலையில் உள்ளே நுழைந்ததும், நீல அங்கி போட்ட ஒரு பெண் கண்ணாடிக் குடுவைகளை அடுக்கிக்கொண்டே, "பசியாறியாச்சா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் பசியை யார் ஆற்றுவது? "எனக்குப் பசிக்கலையே" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "காலைச் சாப்பாடு ஆச்சான்னு கேட்டேன் லா" என்றாள்.

அவள்தான் சரஸ். காஹாங் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பாலிடெக்னிக் படித்துவிட்டு ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வார நாட்களில் தம்போயில் ஒரு அறை, சனிக்கிழமை பஸ் பிடித்து அப்பாவிடம் போய்விடுவாள். இரண்டே மாதத்தில் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். எனக்குக் கூட்டம் நீண்டுபோகிற நாட்களில் பவித்ராவைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து, பக்கத்து அறையில் உட்காரவைத்து வீட்டுப்பாடம் செய்ய வைப்பாள். என் மகள் பேசுகிற தமிழில் பாதி அவளுடையது.

3

நாங்கள் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவள் செய்தது என்னவென்று விளங்காது.

செல்லுக்குள் மரபணுவின் நகல் ஒரு நாடா மாதிரி இருக்கும். ரைபோசோம் என்கிற இயந்திரம் அந்த நாடாவில் ஏறி, வாசித்துக்கொண்டே போய்ப் புரதத்தைக் கோக்கும். ஏறுகிற அந்தத் தொடக்கம்தான் எல்லாம். ரைபோசோமை ஏற்றிவிடுவதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. ஈஸ்டுக்கு அமினோ அமிலம் கிடைக்காமல் பஞ்சம் வந்தால், காவல்காரப் புரதம் ஒன்று விழித்துக்கொண்டு, ஏற்றிவிடும் புரதங்களில் ஒன்றின்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அதோடு பெரும்பாலான தொடக்கங்கள் நின்றுபோகும். பஞ்சத்தைச் சமாளிக்க வேண்டிய ஒன்றிரண்டு நாடாக்களில் மட்டும் ஏற்றம் நடக்கும். இந்தக் காவல்காரருக்குத் துணை நிற்கிற இன்னொரு புரதத்தைத்தான் நாங்கள் ஆராய்ந்தோம். துணையை நீக்கிவிட்ட ஈஸ்டில் காவல்காரர் விழிக்கக்கூடாது, பஞ்சம் வந்தாலும் தொடக்கம் நிற்கக்கூடாது. அதை நிரூபித்தால் போதும்.

பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. செல்லை உடைத்து, சர்க்கரைக் கரைசலின்மேல் ஊற்றி, அசுர வேகத்தில் சுழற்றுவோம். ஒரே நாடாவில் நிறைய ரைபோசோம் ஏறியிருந்தால் கனத்தில் கீழே இறங்கிவிடும். தாளில் மலைத்தொடர் மாதிரி கோடு விழும். தொடக்கம் நின்றிருந்தால் மலைகள் எல்லாம் சரிந்து ஒரே ஒரு மேடு எழும்பும்.

எங்கள் ஈஸ்டில் சில நாள் மலைகள் இருந்தன. சில நாள் சரிந்தன. காவல்காரர் விழிக்க வழியே இல்லாத வீட்டில் கதவு தானாக மூடுகிறது. இரண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டினேன். ரசாயனத்தை மாற்றினேன், சூட்டை மாற்றினேன், ஈஸ்டையே புதிதாக உருவாக்கினேன். பேராசிரியர் வாராவாரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

அந்த இரண்டு வருஷமும் கோவில்பட்டியில் என் அப்பா படுக்கையில் இருந்தார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டராக இருந்தவர். தம்பி ஃபோன் செய்தால் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடுவேன்.

ஒரு நாள் சரஸ் தன் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"ஊர்லேர்ந்து ஃபோன் வர்ற நாள்லதான் மலை விழுது."

எனக்குச் சுருக்கென்றது. "என்ன சொல்ற?"

நோட்டை விரித்தாள். ஒவ்வொரு நாளும் எந்த வேலை எத்தனை மணிக்கு என்று அவள் குறித்து வைத்திருந்தாள். பஞ்ச ஊடகத்துக்கு, அதாவது அமினோ அமிலம் இல்லாத வளர்ப்புக் கரைசலுக்கு, மாற்றுவதற்கு முன்னால் பழைய ஊடகம் ஒட்டியிருக்கக் கூடாது என்று செல்களைத் தண்ணீரில் கழுவுவோம். அவள் கழுவிய நாட்களில் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்திருந்தது. நான் கழுவிய நாட்களில், ஃபோன் வந்தால், செல்கள் வெறும் தண்ணீரில் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் கிடந்திருந்தன.

"தண்ணியில சக்கரை இல்லல்லக்கா. அது அமினோ அமிலத்துக்காக நிக்கல. சக்கரை இல்லன்னு நின்னுடுது. அதுக்கு இந்தக் காவல்காரன் வேணாம்போல."

ஒப்பீட்டுக்கு வைத்த செல்களுக்கு ஊடகம் மாறுவதில்லை. அதனால் அவற்றை நாங்கள் கழுவுவதே இல்லை. அதனால்தான் பிழை எங்கள் கண்ணில் படவில்லை. சர்க்கரை இல்லாவிட்டால் ஈஸ்டில் தொடக்கம் ஒன்றிரண்டு நிமிஷத்தில் நின்றுவிடும் என்பதும், அந்தத் தடை வேறு பாதையில் வருவது என்பதும் நான் புத்தகத்தில் படித்ததுதான். என் கைக்குள்ளேயே அது நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சர்க்கரை கலந்த தண்ணீரில் கழுவினாள். பஞ்சத்திலும் மலைகள் அப்படியே நின்றன. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரமும் நின்றன. வேண்டுமென்றே பத்து நிமிஷம் வெறும் தண்ணீரில் போட்டாள். சரிந்தன. கட்டுரையின் முதல் படமே அந்த இரண்டு கோடுகளும்தான்.

4

கட்டுரை எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா போய்விட்டார். பாஸ் புதுப்பிப்பதற்காக என் பாஸ்போர்ட் குடிநுழைவு அலுவலகத்தில் இருந்தது. போய் நின்றேன். அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். சாவு வீடு என்றேன். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, அதை மேலதிகாரி பார்க்க வேண்டும், அவர் விடுப்பில் இருக்கிறார். தம்பி கொள்ளி வைத்ததை ஃபோனில் பார்த்தேன். கல்லூரி வாகன நிறுத்துமிடத்தில், தன் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, சரஸ் என் காரில் பக்கத்து இருக்கையில் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். ஃபோன் என் கையில் சூடாகிவிட்டதும் வாங்கி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

இது நடந்து இரண்டு மாதத்துக்குள்தான் அந்த அநியாயம்.

ஆசிரியர்கள் பட்டியலில் மூன்றாவதாக அவள் பெயரைப் போட்டிருந்தேன். பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். ஆய்வுக்கூட உதவியாளர்களைப் பட்டியலில் சேர்க்கும் பழக்கம் இங்கே இல்லை, சேர்த்தால் நாளைக்கு ஆளாளுக்கு வந்து கேட்பார்கள், கடைசியில் நன்றி சொல்லுமிடத்தில் போட்டுவிடலாமே என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மின்விசிறியைக் குறைக்கச் சொல்வது மாதிரி சொன்னார். அவர் மேசையில், கைக்கெட்டும் தூரத்தில், என் பாஸுக்கான கடிதம் கையெழுத்தில்லாமல் கிடந்தது. முதல் படம் அவளுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். கடிதத்தைப் பார்த்தேன்.

"சரி சார்" என்றேன்.

அவர் சரஸின் பெயரை அடித்தார். பிறகு பேனாவை மூடாமலே கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அவர் இரண்டையும் சேர்த்து நினைத்திருக்கவே மாட்டார். நான்தான் சேர்த்து நினைத்தேன்.

கட்டுரை வெளியான அன்று சரஸே அச்செடுத்துக்கொண்டு வந்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அங்கே ஒரு வரியில் அவள் இருந்தாள்.

"சரஸ், நான் கேட்டுப் பாத்தேன்…" என்று ஆரம்பித்தேன். அது பொய்.

"பரவால்ல, டாக்டர்" என்றாள்.

அதன்பின் அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்கு வந்தாள், நேரத்துக்குப் போனாள், பவித்ராவின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வந்தாள். ஆனால் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவது நின்றுவிட்டது. சொன்னதைச் செய்துவிட்டுப் போனாள்.

நான் லேப் அட்டெண்டரின் மகள். இதை என் அப்பாவிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

5

வயிற்றுவலி என்று விடுப்பு எடுக்க ஆரம்பித்தாள். அல்சர் என்றாள். வேலையை விட்டுவிட்டு காஹாங்குக்குப் போன பிறகுதான் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டாவது தடவை எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று வழியில் செடெனாக் ஊரைத் தாண்டும்போதே வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போனேன்.

அவள் முந்திக்கொண்டாள். "அந்த ஈஸ்டு இன்னும் இருக்கா, டாக்டர்?"

"இருக்கு. ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கு."

"லேபிள் மங்கிப்போச்சு. புதுசு ஒட்டச் சொல்லுங்க. இல்லன்னா யாராச்சும் தூக்கிப் போட்டுருவாங்க."

ஒட்டச் சொல்கிறேன் என்றேன். தாதி வந்து பார்வையாளர் நேரம் முடிந்தது என்றாள். நான் எழுந்துவிட்டேன். இன்னும் ஐந்து நிமிஷம் என்று கேட்டிருந்தால் அந்தப் பெண் கொடுத்திருப்பாள். நான் கேட்கவில்லை. பதினோரு நாள் கழித்து சரஸ் இறந்துபோனாள்.

6

காஹாங்கில் படையல் முடிந்து உறவினர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சரஸின் அப்பா என்னை முன்னறைக்குக் கூப்பிட்டார். வாழ்நாள் முழுக்கப் பனைக்குலை வெட்டியவர், வலது தோள் இறங்கியிருக்கும்.

"டீச்சரம்மா, பாப்பா அங்க என்னா வேல செஞ்சிச்சு? நா கேட்டா, நின்னுபோறத பாக்குறேம்பா, எதனால நிக்குதுன்னு பாக்குறேம்பான்னு சொல்லும். என்னா நிக்குது? மெசினா?"

சொன்னேன். நாடா, ஏற்றிவிடுகிறவர்கள், காவல்காரர், கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடையில் ஒரு கேள்விதான் கேட்டார். "அத நம்ம பாப்பாவா கண்டுபுடிச்சிச்சு?"

"ஆமாங்கய்யா. நான் ரெண்டு வருஷமா கண்டுபிடிக்காதத அவதான் கண்டுபிடிச்சா."

"அப்ப பேப்பர்ல பேரு வந்திருக்கும்ல?"

முற்றத்தில் யாரோ குழந்தையை அதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிதம் மேசையில் கிடந்ததையும் விடவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, நெடுநேரம் அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப போட முடியுமா?" என்று கேட்டார்.

முடியுமா என்று எனக்குத் தெரியாது. பார்க்கிறேன் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பவித்ரா வந்தாள். சிங்கப்பூரில் வேலை, அங்கேயே அறை, மாதத்துக்கு ஒருமுறை பாலம் தாண்டி வருவாள். இத்தனை வருஷம் அவளிடம் மறைத்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது, "உன் படிப்பு இருந்துச்சு, அப்பாவுக்கு வேலை இல்ல, பாஸ் போயிருந்தா நாம என்ன பண்ணியிருப்போம்?" என்றேன்.

"மா, எனக்காகன்னு சொல்லாதீங்க. நீங்க பயந்தீங்க. அத சொல்லுங்க, போதும்."

பிறகு, "சரஸ் ஆன்ட்டிகிட்ட ஒரு சாரி கூட சொல்லலயா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் எழுந்துபோய்த் தன் பையை அடுக்க ஆரம்பித்தாள். சிங்கப்பூரில் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்திருப்பதை அன்றுதான் சொன்னாள், சட்டையை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

7

கட்டுரை வந்த ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதினேன். விடுபட்ட ஆசிரியரைச் சேர்க்கலாம், எல்லா ஆசிரியர்களும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும் என்று பதில் வந்தது. ஓய்வுபெற்றுவிட்ட பேராசிரியர் இரண்டு வரியில் எழுதினார்: தனக்கு ஆட்சேபம் இல்லை, அந்தப் பெண் நலமா? அவள் அங்கே வேலை பார்த்த காலம் முழுதும் அவர் அவளிடம் கேட்காத கேள்வி. பட்டியலில் இரண்டாவதாக இருந்த எங்கள் மாணவர் ஒரு மணி நேரத்தில் கையெழுத்திட்டு அனுப்பினார். படிவத்தின் கடைசிக் கட்டத்தில், சேர்க்கப்படும் ஆசிரியரின் கையெழுத்து கட்டாயம் என்றிருந்தது.

சரஸ் உயிரோடு இல்லை என்று எழுதினேன். வருத்தம் தெரிவித்து, இறப்புச் சான்றிதழின் அத்தாட்சி பெற்ற நகலும் நெருங்கிய உறவினரின் கையெழுத்தும் கேட்டார்கள். சரஸின் அப்பாவை அழைத்துக்கொண்டு குளுவாங் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். எண் சீட்டு எடுத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். என் மலாய் சந்தையில் பேரம் பேசுகிற மலாய். முகப்பில் இருந்த இளம்பெண்ணிடம், தோழி "மாத்தி" என்று சொல்லிவிட்டேன். வண்டி நின்றுபோனாலும் கோழி செத்தாலும் சொல்கிற சொல் அது. அவள் குரலைத் தாழ்த்தி, "மெனிங்கால், புவான்" என்று திருத்தினாள். மனிதர் காலமானால் அதுதான் மரியாதைச் சொல். எனக்குக் காது சுட்டது.

"பரவால்லம்மா" என்றார் சரஸின் அப்பா. "எப்பிடி சொன்னாலும் புள்ள இல்லதானே."

கடைசியாகக் கணினியில் அவள் பெயரைப் பதிய உட்கார்ந்தேன். அடையாள அட்டையில் இருப்பது போல, சரஸ்வதி, மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம் a/p, அப்புறம் குப்புசாமி என்று அடித்தேன். அந்தச் சுருக்கத்தில் இருக்கும் சாய்கோட்டைப் படிவம் ஏற்கவில்லை. குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. வேறு வழியில்லாமல் அதில் அப்பாவின் பெயரைப் போட்டேன். என் கட்டுரைகளிலும் அப்படித்தான், கோவில்பட்டி லேப் அட்டெண்டர் ஒருவரின் பெயர்தான் முன்னால் நிற்கிறது.

திருத்தம் போன வாரம் வெளியானது. அச்செடுத்துக்கொண்டு காஹாங்குக்குப் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தைப் பார்த்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் சம்பளச் சீட்டிலும் அடையாள அட்டையிலும் பார்த்துப் பார்த்துத் தன் பெயரை மட்டும் அடையாளம் தெரியும்.

"இது எம்பேரு" என்றார்.

"ஆமாங்கய்யா. பத்திரிகையில அப்பா பேரத்தான் முழுசா போடுவாங்க."

"பாப்பா பேரு எங்க?"

குப்புசாமிக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை ஆங்கில எழுத்தையும், அதன்மேல் இறந்தவர் என்று காட்டப் போட்டிருந்த சின்னக் குறியையும் காட்டினேன். அவர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி பக்கத்தில் கொண்டுபோனார்.

"நா ஒரு நாகூட அங்க வந்ததில்லயே, டீச்சரம்மா" என்றார்.

பேனா இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். தாளைத் தொடையில் வைத்து, அந்த ஒற்றை எழுத்துக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி, சரஸ்வதி என்று எழுதினார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார்.

"படிக்க முடியுதா?"

"முடியுதுங்கய்யா" என்றேன்.